இருப்பிடம் பெயராகுமா?

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடலோரமாகச் சுமார் 18 கிலோமீட்டர் சென்றால் மணப்பாடு என்னும் ஊர் வரும். அங்கே கடலை ஒட்டி எழும்பி நிற்கும் மணற்குன்றின்மேல் 1581-இல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. கலங்கரை விளக்கமும் உண்டு. கடலில் தொலைவிலிருந்து கரையைப் பார்ப்பவனுக்கு இவை நல்ல அடையாளங்கள். செயற்கைக்கோள் கருவிகள் வராத காலத்தில், கடலடியிலுள்ள பாறைத் திட்டுகளை, அதாவது பார்களை, நம் மீனவர்கள் இத்தகைய கரையடையாளங்களைக் கொண்டே கண்டனர். ஒரு கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு பனங்கூட்டமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே பார். கருவி ஏதுமின்றிப் படகைக் குறித்த இடத்தில் நிறுத்தும் இம்முறை வடிவியல் படித்தவரையும் வியக்க வைக்கும்.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களுள் ‘மணப்பாடு பெரிய பார்’ என்றே ஒன்று உண்டு. பார்கள் இடம் பெயர்வதில்லை. ஆனால் அவற்றின்மேல் ஒட்டி வாழும் முத்துச் சிப்பிகள் நிலையானவை அல்ல. ஓராண்டில் இளஞ்சிப்பிகள் நிறைந்து காணப்பட்ட பார் அடுத்த ஆண்டில் வெறும் பாறையாகக் கிடப்பதுண்டு. மணல் மூடியிருக்கலாம்; திருக்கை போன்ற மீன்கள் தின்றிருக்கலாம். இதனால்தான் முத்துக் குளித்தலை அறிவிப்பதற்கு முன் அரசு ஆட்களை அனுப்பிப் பார்களைச் சோதிப்பது வழக்கமாக இருந்தது. குளிப்பவர்கள் மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றின் வயதும் பருமனும் முத்தின் மதிப்பும் பார்க்கப்படும். அதன் பின்பே குளிப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்யப்படும். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே கடைசி. பார்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

முத்துக் குளித்தலைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. கணிப்பொறித் தரவுத்தளம் பயிலும் மாணவரிடையே வழங்கிவரும் ஒரு யோசனையை ஆராய்வதே நோக்கம். “திருத்த வேண்டிய பதிவுகளின் இட எண்களை முதலில் வாங்கி வைத்துக்கொள், பிறகு அந்த எண்ணைக் கொண்டே திருத்து, வேலை பன்மடங்கு விரைவாக முடியும்” என்பது அந்த யோசனை. இதில் உண்மை உண்டு. ஆனால் மாதிரிச் சிப்பி எடுக்காமலே குளிப்பு அறிவிக்கும் துணிச்சலும் இதில் இருக்கிறது.

உறவுமுறைத் தரவுத்தளம் என்பது விவரங்களை அட்டவணைகளாக வைத்துக்கொள்வது. பேரேட்டின் ஒரு வரி ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவையும் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய ஓர் எண் இருக்கும்; குடும்ப அட்டைக்கு அட்டை எண்ணும் படகுக்கு அதன்மேல் எழுதப்பட்ட பதிவெண்ணும் போல. இதனை முதன்மைத் திறவு என்பர். இது பதிவின் பெயர். இனி, அந்தப் பதிவு வட்டில் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? வட்டு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் போன்ற மென்பொருள்களில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 8 கிலோபைட்டு. எந்தக் கோப்பில், எத்தனையாவது பக்கத்தில், அப்பக்கத்தின் எத்தனையாவது இடத்தில் என்று சொல்லிவிட்டால் பதிவு அகப்பட்டுவிடும். இதுவே பதிவின் இட எண்.

ஆரக்கிளில் இதன் பெயர் ரோ-ஐடி. திரையில் 18 எழுத்துகளாகத் தெரியும்: முதல் 6 எழுத்துகள் எந்தப் பொருளுக்குரியது என்பதையும், அடுத்த 3 கோப்பையும், அடுத்த 6 பக்கத்தையும், கடைசி 3 பக்கத்துக்குள் உள்ள இடத்தையும் குறிக்கும். போஸ்ட்கிரெஸில் இது சி-டி-ஐ-டி என்று வழங்கும். பக்க எண், இட எண் என்ற இரண்டே எண்கள்.

வேகத்தின் கணக்கைப் பார்ப்போம். ஓர் அட்டவணையில் 1 கோடி பதிவுகள் உள்ளன என்று கொள்வோம். பெயரைக் கொண்டு தேடினால் நூலின் பின்னாலுள்ள சொல்லடைவு போன்ற ஓர் அடைவின் வழியாகச் செல்ல வேண்டும். அடைவின் ஒரு பக்கத்தில் 300 குறிப்புகள் அடங்கினால் மூன்று அடுக்குகள் போதும். 300-ஐ மும்முறை பெருக்கினால் 2 கோடியே 70 லட்சம் வருகிறது. ஆக, அடைவில் மூன்று பக்கங்கள், பதிவுள்ள பக்கம் ஒன்று, மொத்தம் நான்கு பக்கங்களைப் படிக்க வேண்டும். இட எண் கையில் இருந்தால் ஒரே பக்கம். நான்கு மடங்கு லாபம் என்று பாடநூல் கணக்குச் சொல்லும்.

நடைமுறை வேறு. அடைவின் உச்சியில் ஒரே பக்கம். இரண்டாம் அடுக்கில் சுமார் 112 பக்கங்கள். ஒரு மெகாபைட்டுக்கும் குறைவான இவை எப்போதும் நினைவகத்திலேயே தங்கிவிடும். எனவே வட்டைத் தொடுவது இரண்டு முறைக்கும் ஒரு முறைக்கும் இடையிலான வேறுபாடே. அதிலும் அந்த இட எண் நமக்கு எங்கிருந்து கிடைத்தது? முன்பு ஒரு தடவை தேடித்தான் கிடைத்தது. ஒரே கட்டளையில் தேடலையும் திருத்தத்தையும் செய்தால் தரவுத்தளமே தேடிக் கிடைத்த இடத்தில் திருத்திவிடும்; நாம் எண்ணை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பக் கொடுப்பதால் ஆகும் நன்மை ஒன்றுமில்லை. தேடலும் திருத்தமும் தனித்தனிப் படிகளாக இருக்கும்போதுதான் இட எண்ணுக்கு வேலை.

பெருந்தொகையான திருத்தங்களில் கணக்கு மாறுகிறது. அந்த 1 கோடிப் பதிவுகளில் 10 லட்சத்தைத் திருத்த வேண்டும், நினைவகமோ சிறிது, பதிவுகள் வட்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சுழலும் வட்டில் ஓரிடத்துக்குத் தாவிப் படிக்கச் சுமார் 10 மில்லி வினாடி ஆகும். ஒவ்வொன்றாகத் தாவினால் 10,000 வினாடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். இனி, ஒரு பக்கத்துக்கு 50 பதிவுகள் என்றால் மொத்த அட்டவணையும் 2 லட்சம் பக்கங்கள், சுமார் 1.6 ஜிகாபைட்டு. இட எண்களை வரிசைப்படுத்திக்கொண்டு முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஓட்டமாகப் படித்தால், வினாடிக்கு 100 மெகாபைட்டு படிக்கும் வட்டில் ஏறத்தாழ 16 வினாடி! திருத்தியதை மீண்டும் எழுதும் நேரத்தைச் சேர்த்தாலும் இந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளதே. சுழலாத புதிய வகை வட்டுகளில் இடைவெளி குறையும், மறையாது.

இங்கே மாணவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்த லாபம் இட எண்ணை வைத்திருந்ததால் வந்ததன்று. இட வரிசைப்படி சென்றதால் வந்தது. தபால்காரர் கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கிக்கொள்வதால் நடை குறைவதைப் போன்றது. அவ்வாறு அடுக்கும் வேலையைத் தரவுத்தளமே செய்யக் கற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. போஸ்ட்கிரெஸில் 2005-இல் வந்த 8.1 பதிப்பு முதல் அடைவில் கிடைத்த இடங்களைத் திரட்டிப் பக்க வரிசைப்படி படிக்கும் முறை இருக்கிறது. மோகன் என்ற அறிஞரும் உடன் பணியாற்றியோரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று, பல அடைவுகளிலிருந்து இட எண்களைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டு அட்டவணையைப் படிக்கும் வழிகளை விரிவாக ஆராய்ந்தது. நம் யோசனைக்காரர் கையால் செய்ய விரும்பும் வேலையில் பெரும்பகுதி எந்திரத்துக்குள்ளேயே நடக்கிறது.

மோகனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு பழைய வழக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது.

1973-இல் டூரிங் பரிசு பெற்ற சார்லஸ் பாக்மன் தம் பரிசுரைக்கு ‘நிரலாளர் ஒரு மாலுமி’ என்ற பொருள்படத் தலைப்பிட்டார். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு, அதன் இருப்பிடம் காட்டும் சுட்டுகளைப் பிடித்துக்கொண்டு, நிரலாளரே கலம் செலுத்திச் செல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த உலகம். எட்கர் காட் இதை மறுத்தார். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர் 1970-இலேயே உறவுமுறை மாதிரியை வெளியிட்டிருந்தார். விவரத்தைக் கேட்பவர் அது எங்கே எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறிய வேண்டிய தேவையே இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. இரு தரப்பும் 1974-இல் ஆன் ஆர்பர் நகரில் நேருக்கு நேர் வாதிட்டன. 1985-இல் காட் வகுத்த விதிகளுள் ஒன்று, எந்த மதிப்பையும் அட்டவணையின் பெயர், முதன்மைத் திறவு, பத்தியின் பெயர் ஆகிய மூன்றைக் கொண்டே அடைய முடிய வேண்டும் என்கிறது. இருப்பிடத்துக்கு அதில் இடமில்லை.

ஆனால் காட் பணியாற்றிய அதே கூடத்தில் அவர் கொள்கையைச் செயலாக்கிக் காட்டிய ‘சிஸ்டம் ஆர்’ உள்ளே எதைப் பயன்படுத்தியது? பக்க எண்ணும் பக்கத்துக்குள் இட எண்ணும் கொண்ட ஓர் அடையாளத்தைத்தான்! கேட்பவர் கண்ணில் படாமல் அடித்தளத்தில் அது வேலை செய்தது. இதைக் கொள்கைக்கும் செயலுக்கும் உள்ள முரண்பாடு என்று சிலர் சிரிப்பதுண்டு. அப்படிக் கருத வேண்டியதில்லை. வீட்டு எண் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். அதைப் பிள்ளையின் பெயராக வைப்பதுதான் தவறு. தவறு நேர்ந்தது பிற்காலத்தில், அந்த உள் எண்ணை எல்லாரும் பார்க்கும்படி வெளியே திறந்துவிட்டபோது.

திறந்துவிட்டதால் விளையும் தீங்கு என்ன? பதிவுகள் இடம் மாறும். போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினாலே அதன் புதிய பிரதி வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. பழைய இட எண் செத்துவிடுகிறது. ஆரக்கிள் இவ்விஷயத்தில் நிதானமானது. பதிவு வளர்ந்து பக்கத்தில் கொள்ளாமற்போனால் அதை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய இடத்தில் ‘இன்ன இடத்துக்குப் போயிருக்கிறேன்’ என்று சீட்டு எழுதி வைக்கிறது, ரோ-ஐடி மாறுவதில்லை. ஆனால் அட்டவணையைச் சுருக்கினாலோ பெயர்த்து அமைத்தாலோ மாறும். இவையெல்லாம் சிறு தொல்லைகளே. பழைய எண்ணோடு போனால் பதிவு இல்லை என்ற விடை வரும். பிழை வெளிப்படையாகத் தெரியும்.

தெரியாமல் நேரும் பிழைதான் கொடியது. ஒரு பதிவை அழித்தபின் அது இருந்த இடத்தைப் பின்னால் வரும் வேறொரு பதிவுக்குத் தரவுத்தளம் கொடுத்துவிடலாம். ஆரக்கிளும் இதைச் செய்யும், போஸ்ட்கிரெஸும் செய்யும். அப்போது பழைய எண்ணோடு சென்றால் பதிவு இருக்கும். திருத்தம் வெற்றி என்ற செய்தியும் வரும். திருத்தப்பட்டது மட்டும் வேறொருவருடைய கணக்கு.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; அதையொட்டி மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு. கடலோரக் குடும்பங்களின் பட்டியல் ஒன்று கணிப்பொறியில் இருக்கிறது. திங்கட்கிழமை தகுதியுள்ள குடும்பங்களைத் தேடி இட எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தார் நிரலாளர். செவ்வாய்க்கிழமை இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டு, விடுபட்ட குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. புதன்கிழமை அந்தக் கோப்பைக் கொண்டு நிவாரணத் தொகை பதியப்பட்டது. மொத்த எண்ணிக்கை சரி. மொத்தத் தொகையும் சரி. நீக்கப்பட்ட சில பதிவுகளின் இடத்தில் உட்கார்ந்துவிட்ட புதிய குடும்பங்கள் சில, தகுதி பார்க்கப்படாமலே பணம் பெற்றன. தணிக்கை செய்பவர் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டுப் போய்விடுவார்.

இதை எழுதுபவனும் இப்பிழையைச் செய்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிக்கனச் சங்கத்தின் உறுப்பினர் பேரேட்டில் வட்டி பதியும் வேலை வந்தது. இரவில் எடுத்த இட எண்களைக் காலையில் பயன்படுத்தினேன். விலகிய உறுப்பினர் ஒருவருக்குரிய வட்டி, அன்று காலை சேர்ந்த ஒருவர் கணக்கில் ஏறிவிட்டது. அவர் நேர்மையாளர், தாமே வந்து சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திராது.

அப்படியானால் இட எண்ணைத் தொடவே கூடாதா? அவ்வாறு சொல்லும் தூய்மைவாதிகள் இருக்கிறார்கள்; அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. பதிவைத் தேடும்போதே ‘திருத்துவதற்காக’ என்று சொல்லிப் பூட்டிக்கொண்டு, அதே பரிவர்த்தனை முடிவதற்குள் இட எண்ணால் திருத்துவது முறையானதே. பூட்டு இருக்கும்வரை அந்தப் பதிவை வேறொருவர் அழிக்கவோ திருத்தவோ முடியாது. மிகப் பெரிய அட்டவணையை இட எண் எல்லைகளால் துண்டு போட்டுப் பலர் ஒரே நேரத்தில் திருத்துவதற்கு ஆரக்கிளிலேயே ஏற்பாடு உண்டு. அதுவும் நல்ல பயன்தான். இட எண்ணைப் பரிவர்த்தனைக்கு வெளியே கொண்டுபோக நேர்ந்தால் அதனுடன் முதன்மைத் திறவையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். திருத்தும் கட்டளையில் இரண்டையும் நிபந்தனையாக வைக்க வேண்டும். அங்கே போய்ப் பார். அங்கிருப்பவர் இன்னார்தானா என்று கேள். ஆம் எனில் திருத்து. இந்தக் கேள்விக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பதிவுள்ள பக்கம் ஏற்கெனவே கையில் வந்துவிட்டதே!

ஆரக்கிளில் அடைவு வடிவிலேயே வைக்கப்படும் ஒருவகை அட்டவணை உண்டு. அதில் பதிவுகள் அடிக்கடி நகர்வதால் நிலையான இட எண் கிடையாது. அதன் துணை அடைவுகளில் முதன்மைத் திறவும், ‘இங்கே இருக்கலாம்’ என்ற ஓர் இட ஊகமும் சேர்த்து எழுதப்படும். ஊகம் சரியானால் நேரே அகப்படும். தவறினால் திறவைக் கொண்டு தேடப்படும். என் கருத்தில் இட எண்ணுக்குரிய சரியான மரியாதை இதுவே.

இனி மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் வேதிப்பொறியியலில் பட்டம் பெற்று, 1981 முதல் 2020 வரை ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் சி. மோகன். அவரும் உடன் பணியாற்றியோரும் 1992-இல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ என்னும் மீட்பு முறை, மின்சாரம் நின்று கணிப்பொறி விழுந்தால் தரவுத்தளத்தை எப்படி எழுப்புவது என்பதைச் சொல்வது. விழுவதற்குமுன் நடந்த திருத்தங்கள் ஒரு நாட்குறிப்பில் வரிசை எண்ணுடன் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு குறிப்பும் இன்ன பக்கத்தில் இன்ன மாற்றம் என்று இருப்பிடத்தைத்தான் சொல்லும். வேகம் அதனால் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதில் கடைசியாகச் செய்த மாற்றத்தின் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. மீட்கும்போது பக்கத்துக்குப் போய் முதலில் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். குறிப்பின் எண்ணைவிடச் சிறியதானால் மாற்றத்தைச் செய்கிறார்கள். இல்லையேல் ஏற்கெனவே ஆகிவிட்டதென்று விட்டுவிடுகிறார்கள். பாரின்மேல் படகை நிறுத்தி, மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்தபின் குளிப்பு அறிவித்த பழைய முறையின் அறிவு இங்கேயும் வேலை செய்கிறது.

அடைவுகளில் இட எண்ணை எழுதி வைப்பதற்கும் விலை உண்டு. பதிவு நகர்ந்தால் அதைச் சுட்டும் எல்லா அடைவுகளையும் திருத்த வேண்டும். 2016-இல் ஊபர் நிறுவனம் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியதற்குச் சொன்ன காரணங்களுள் இதுவும் ஒன்று. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி முறையில் துணை அடைவுகள் முதன்மைத் திறவையே வைத்திருக்கும். பதிவு எங்கே நகர்ந்தாலும் அவற்றைத் தொட வேண்டியதில்லை. ஆனால் தேடும்போது இரண்டு அடைவுகளில் ஏறி இறங்க வேண்டும். போஸ்ட்கிரெஸிலும் 2008-இன் 8.3 பதிப்பு முதல், அடைவிலுள்ள பத்திகள் மாறாமல், புதிய பிரதிக்கு அதே பக்கத்தில் இடமிருந்தால் அடைவுகளைத் தொடாமலே திருத்தும் வழி இருக்கிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும்.

நம் பாடநூல்கள் மேலே கண்ட யோசனையைச் சொல்வதோடு நின்றுவிடுவது ஒரு குறை. இன்னொரு குறை, எல்லா மென்பொருள்களின் இட எண்ணையும் ஒன்றெனக் கூறுவது. எஸ்க்யூலைட்டில் ‘ரோ-ஐடி’ என்று ஒன்று உண்டு. அது வட்டின் இடத்தைக் குறிப்பதே அன்று. அடைவுமரத்தில் பதிவைக் காட்டும் ஒரு முழுஎண் மட்டுமே. பெயர் ஒன்று, பொருள் வேறு. ஆரக்கிளுக்குச் சொன்னதை அப்படியே அங்கே பொருத்தும் ஆசிரியர் மாணவரைத் தடுமாற வைக்கிறார்.

ஐயமுள்ள மாணவர்கள் விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸில் தாமே சோதிக்கலாம். மூன்று படகுகளின் பெயரை ஒரு புதிய அட்டவணையில் எழுதி, இட எண்களைக் கேளுங்கள்: பூச்சியமாம் பக்கத்தில் 1, 2, 3 என்று வரும். இரண்டாம் படகை அழித்து, ‘வாக்கும்’ என்ற கட்டளையால் துப்புரவு செய்து, நான்காவதாக ஒரு படகைச் சேருங்கள். மறுபடி கேளுங்கள். புதிய படகு 2-ஆம் இடத்தில் நிற்கும்.